நம் பள்ளிக்கு எத்தனை அங்குலத் தொலைநோக்கி?

நம் பள்ளியின் முன்னாள் மாணவியர் சிலர் ஒன்றுசேர்ந்து, அறிவியல் மன்றத்திற்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தர முன்வந்திருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கிடைப்பவற்றுள் பெரியதாகப் பார்த்து வாங்குங்கள் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். மதர் அவர்கள் அக்கடிதத்தை என்னிடம் கொடுத்து, "எதை வாங்கலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் டீச்சர்" என்றார்கள். எழுத உட்கார்ந்த பிறகுதான், 'பெரியது' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை கேள்விகள் அடங்கியிருக்கின்றன என்பது எனக்கே விளங்கிற்று. மாணவியரும் பெற்றோரும் அறியட்டும் என்று அந்தக் கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன். ஒளியியல் பாடத்தில் குழியாடி பற்றிப் படித்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் போதும், மற்றவை எளியவையே.

தொலைநோக்கி என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான். இது தவறான கேள்வி. கண்ணருகு லென்சை மாற்றினால் உருப்பெருக்கமும் மாறிவிடும். ஆடியின் குவியத் தூரத்தைக் கண்ணருகு லென்சின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். 1200 மி.மீ. குவியத் தூரமுள்ள ஆடிக்கு 25 மி.மீ. லென்சைப் பொருத்தினால் 48 மடங்கு, 10 மி.மீ. லென்சைப் பொருத்தினால் 120 மடங்கு. இன்னும் சிறிய லென்சை வைத்து 600 மடங்கு என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். கலங்கிய பிம்பத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. அட்டைப் பெட்டியின்மேல் மடங்குக் கணக்கைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கும் சிறு தொலைநோக்கிகளைப் பெற்றோர் தயவுசெய்து வாங்க வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி, ஆடியின் விட்டம் எவ்வளவு என்பதே. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு செம்பையும் ஓர் அண்டாவையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? வாய் அகன்ற அண்டாவில் அல்லவா? விண்மீன்களின் ஒளியும் அந்த மழையைப் போன்றதே. இருட்டில் பழகிய இளங்கண்ணின் பாவை சுமார் 7 மி.மீ. விரியும். 10 அங்குல ஆடியின் விட்டம் 254 மி.மீ. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 254-ஐ 7-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். 1300-க்குச் சற்று மேல் வரும். அதாவது, உங்கள் கண்ணைப் போல் 1300 மடங்கு ஒளியை அந்த ஆடி திரட்டிக் கொடுக்கிறது. 8 அங்குலமானால் 840 மடங்கு; 12 அங்குலமானால் 1900 மடங்கு; 16 அங்குலமானால் 3300-க்கும் மேல்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் 16 அங்குலமே சிறந்தது, கட்டுரையும் இத்துடன் முடிந்திருக்கும்.

இனி, எந்த வகைத் தொலைநோக்கி என்பது. கலிலியோ காலத்துத் தொலைநோக்கிகளில் முன்புறம் லென்சு இருந்தது. லென்சு பெரிதானால் விலையும் எடையும் கட்டுக்கடங்காது, நிறப்பிரிகையும் உண்டு. 1668-இல் நியூட்டன் லென்சுக்குப் பதிலாகக் குழலின் அடியில் ஒரு குழியாடியை வைத்தார். ஒளி குழலின் திறந்த வாய் வழியாக உள்ளே சென்று, அடியிலுள்ள ஆடியில் பட்டு, குவிந்தபடியே மேலே திரும்புகிறது. குழலின் வாயருகே 45 பாகை சாய்வில் நிற்கும் ஒரு சிறு சமதள ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. அங்கே கண்ணருகு லென்சு இருக்கிறது. ஆகவே நியூட்டன் தொலைநோக்கியில் நாம் குழலின் மேல்முனைக்கு அருகில் நின்று, பக்கவாட்டில் பார்க்கிறோம். மேல்முனையில் பார்க்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். பின்னால் இதுவே பெரிய செய்தியாகப் போகிறது.

நியூட்டனின் குழலை அப்படியே எடுத்து, அதற்கு ஏழைக்கேற்ற ஒரு தாங்கியைச் செய்து கொடுத்தவர் ஜான் டாப்சன். அவர் 1915-இல் பீகிங் நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் வேதியியல் பயின்று, 1944-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள வேதாந்த சங்கத்தில் சேர்ந்து, இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்த நம் அருட்சகோதரியருக்கு அவருடைய நிலை நன்றாகப் புரியும்: தொலைநோக்கி செய்ய ஆசை உண்டு, கையில் காசில்லை. பழைய கப்பல் சன்னலின் தடித்த கண்ணாடியை எடுத்து, அதையே தேய்த்துத் தேய்த்து ஆடியாக்கினார். குழாய்ச் சுருள் சுற்றி வரும் கனத்த காகித அட்டை உருளையே தொலைநோக்கியின் குழல். தாங்கிக்குப் பிளைவுட் துண்டுகள்.

1958-இல் அவரைச் சாக்ரமென்டோ நகரத்து மடத்திற்கு அனுப்பினார்கள். அங்கே தொலைநோக்கி செய்வது மடத்துக் கடமைகளில் சேராது. ஆகவே நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் தொலைநோக்கியை 'ஜெரேனியம் செடி' என்றே குறிப்பிடுவாராம். தாங்கியும் செய்தாகிவிட்டால் 'தொட்டியில் வைத்த செடி', ஆடிக்கு அலுமினியப் பூச்சும் முடிந்தால் 'பூத்துவிட்டது'. இரவில் தொலைநோக்கியை மடத்துக்கு வெளியே உருட்டிச் சென்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிலவைக் காட்டுவார். மடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் இல்லை என்று 1967-இல் அவரை வெளியேற்றிவிட்டார்கள். (யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப் போவதில்லை, நம் கன்னியர் மடத்திலும் மணி அடித்தால் மணிதான்.) மறு ஆண்டே அவரைச் சுற்றி 'நடைபாதை வானியலார்' என்ற குழு சான் பிரான்சிஸ்கோவில் உருவாயிற்று. தெருமுனையில் கருவியை வைத்துக்கொண்டு, போவோர் வருவோரை எல்லாம் அழைத்துச் சனியின் வளையத்தைக் காட்டினார்கள். அவர் தம் தாங்கிக்குக் காப்புரிமை பெறவில்லை. 2014-இல், 98 வயதில் காலமானார். இன்று உலகெங்கும் அவர் பெயரால் 'டாப்சோனியன்' என்றே அக்கருவியை அழைக்கிறார்கள்.

அந்தத் தாங்கி மிக எளியது. தரையில் ஒரு பலகை. அதன்மேல் மூன்று டெஃப்லான் துண்டுகள். அவற்றின்மேல் ஒரு பெட்டி, திரிகைக் கல்லைப் போல் சுற்றுகிறது. பெட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் வளைவாக வெட்டிய இடங்களில் குழலின் இரு 'காதுகள்' அமர்ந்திருக்கின்றன. கோட்டைப் பீரங்கி உட்கார்ந்திருப்பது போல. பெட்டியைச் சுற்றினால் திசை மாறும். குழலைத் தூக்கினால் உயரம் மாறும். பற்சக்கரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. சன்மைக்கா ஒட்டிய பலகை டெஃப்லான்மேல் நகரும்போது, நிற்கும் பொருளை அசைக்கத் தேவையான விசையும், அசைந்ததை நகர்த்திக்கொண்டிருக்கத் தேவையான விசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆகவே விரலால் தள்ளினால் வெடுக்கென்று துள்ளாமல் வெண்ணெய் போல் நகரும். விரலை எடுத்தால் அங்கேயே நிற்கும். நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று நீங்கள் மனப்பாடம் செய்யும் பாடம் இதுதான்.

நம் ஊருக்கு இந்தத் தாங்கி பொருந்துவதற்கு விலை மட்டும் காரணமன்று. புவி சுழல்வதை ஈடுசெய்ய அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் வேறொரு தாங்கியும் உண்டு. அதைச் சரியாக அமைக்கத் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் மாவட்டம் 9 பாகை வட அட்சத்தை ஒட்டியிருப்பதால், அந்த நட்சத்திரமும் தொடுவானிலிருந்து 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆகவே ஒரு முட்டி உயரம்கூட இல்லை! வடக்கே தென்னந்தோப்பு, அதற்கப்பால் கடைவீதி விளக்குகள். நான் இந்தப் பள்ளியில் இருந்த இத்தனை ஆண்டுகளில் மாடியிலிருந்து துருவ நட்சத்திரத்தைத் தெளிவாகப் பார்த்தது இரண்டோ மூன்றோ முறைதான்.

வகையில் எனக்கு ஐயமே இல்லை. டாப்சோனியன்தான். எத்தனை அங்குலம் என்பதில்தான் சங்கடம்.

முதலில் எடையைப் பார்ப்போம். தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்றாலும் ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளலாம். 8 அங்குலக் கருவியில் குழல் 10 கிலோ, தாங்கி 10 கிலோ. 10 அங்குலத்தில் இரண்டும் பதினைந்து பதினைந்து. 12 அங்குலத்தில் ஒவ்வொன்றும் 20 கிலோவைத் தாண்டிவிடும். 16 அங்குலமோ மொத்தம் 80 கிலோவை ஒட்டி வரும். குழலைக் கம்பிகளாகப் பிரித்தாலும், ஆடி உள்ள அடிப்பெட்டி ஒன்றே 30 கிலோ அளவில் இருக்கும். இது இயல்பே. அதே விகிதத்தில் கண்ணாடியின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு.

தாளில் எழுதிய எடை வேறு, தூக்கும் எடை வேறு. ஆகையால் ஒரு சனிக்கிழமை விடுதிச் சமையலறையிலிருந்து 15 கிலோ அரிசியை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, பத்தாம் வகுப்பு மாணவியர் இருவரிடம் கொடுத்தேன். புதுக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு 44 படிகள். சிரித்துப் பேசிக்கொண்டே ஏறிவிட்டார்கள். அடுத்து, பிரிக்காத 25 கிலோ மூட்டை. முதல் திருப்பத்தில் ஒருமுறை இறக்கி வைத்தார்கள். இரண்டாம் திருப்பத்தில் சத்தம் கேட்டு விடுதிச் சிஸ்டர் வெளியே வந்துவிட்டார். சோதனை அத்துடன் முடிந்தது. மூட்டை விழுந்தால் அரிசி கொட்டும், அள்ளிவிடலாம். ஆடி விழுந்தால் என்ன செய்வது?

மேலே நிரந்தரமாக வைத்துப் பூட்டிவிடலாமே என்று கேட்கலாம். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஆடியின்மேல் உள்ள அலுமினியப் பூச்சு மிக மெல்லியது. மேலே பாதுகாப்புப் பூச்சு இருந்தாலும், உப்பும் ஈரமும் அதைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். மாடியில் தகரக் கொட்டகை போட்டால் பகலில் அடுப்பு போல் காயும். ஐப்பசி மழையில் ஒழுகும். கீழே காற்றோட்டமான, உலர்ந்த அறையில் வைத்து, தேவையான அன்று மேலே கொண்டுபோவதுதான் ஏற்றது.

அடுத்தது உயரம். இதைப் பலர் யோசிப்பதில்லை. எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப்பட்டது. நியூட்டன் தொலைநோக்கியில் மேல்முனையில் பார்க்கிறோம் என்று சொன்னேன் அல்லவா? குழல் உச்சியை நோக்கி நிமிர்ந்து நிற்கும்போது, கண்ணருகு லென்சு தரையிலிருந்து ஏறக்குறைய ஆடியின் குவியத் தூரமே உயரத்தில் இருக்கும். 8 அங்குலம், 10 அங்குலம் இரண்டும் பெரும்பாலும் 1200 மி.மீ. குவியத் தூரத்தில் கிடைக்கின்றன. ஆகவே லென்சு 120 செ.மீ. உயரத்தில். 12 அங்குலம் 1500 மி.மீ. என்றால் 150 செ.மீ.; 16 அங்குலம் 1800 மி.மீ. என்றால் 180 செ.மீ. ஆறாம் வகுப்பில் இருபது பேரை நிறுத்தி அளந்து பார்த்தேன். பெரும்பாலோரின் கண் மட்டம் 125-லிருந்து 135 செ.மீ. வரை. மிகச் சிறியவளுக்கு 118. அவளுக்கு 10 அங்குலக் கருவியில் ஒரு மணைப்பலகை போதும். 12 அங்குலத்திற்கு முக்காலி. 16 அங்குலத்திற்கு ஏணி. ஏணி எனக்கும் வேண்டும்!

இருட்டில், மொட்டை மாடியில், பாவாடை தாவணியிலோ நீளப் பாவாடையிலோ பிள்ளைகள் வரிசையாக ஏணியில் ஏறி இறங்குவதை எந்தப் பெற்றோர் விரும்புவார்? ஏணியின்மேல் நிற்கிறவள் தடுமாறினால் முதலில் பிடிப்பது தொலைநோக்கியைத்தான். அதற்குப் பிறகு எதைப் பார்ப்பது?

இலண்டனில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே கோள்கள் பெரும்பாலும் 62 பாகைக்கு மேல் ஏறா. குழல் எப்போதும் சற்றுச் சாய்ந்தே இருக்கும். நமக்கோ வியாழனும் சனியும் சில ஆண்டுகளில் தலைக்கு நேர் மேலேயே வந்துவிடும். ஓரியன் நெபுலாவும் 76 பாகை வரை ஏறும். வெளிநாட்டு நூல்களில் எழுதியிருக்கும் ஆலோசனையை நாம் அப்படியே ஏற்க முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம். உச்சியில் வேறொரு சங்கடமும் உண்டு. குழல் நிமிர்ந்து நிற்கும்போது, பொருளைச் சிறிது பக்கவாட்டில் தொடர வேண்டுமானாலும் பெட்டியை வெகுவாகச் சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே ஒரு பொருள் உச்சியை அடைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே, அதாவது 15 பாகை இறங்கியிருக்கும்போதே, பார்த்துவிடுவது வசதி.

மூன்றாவது நேரம். சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் நமக்கு முழு இருள் வந்துவிடுகிறது. இதுவும் நம் அட்சத்தின் வசதியே. குளிர்கால மாதங்களில் ஏழரைக்குப் பார்க்கத் தொடங்கலாம். எட்டரைக்கு விடுதி மணி. வீட்டிலிருந்து வரும் மாணவியரை அழைத்துப் போகப் பெற்றோரும் அந்நேரம் வாசலில் நிற்பார்கள். ஆக நம் கையில் உள்ளது ஒரு மணி நேரம். பிரித்து மாட்டும் 16 அங்குலக் கருவியைக் கம்பி கம்பியாகப் பூட்டி, ஆடிகளை நேர்ப்படுத்த எனக்கு அரை மணியாவது ஆகும். பத்து அங்குலத்துக் குழலைத் தாங்கியில் இறக்கி வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆண் பிள்ளைகளானால் நள்ளிரவுவரை இருந்துவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்புவார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. அதில் பாதியைத் திருகாணிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்படியானால் 16 அங்குலத்தை விடுவதால் இழப்பே இல்லையா? உண்டு. பத்தைவிடப் பதினாறு இரண்டரை மடங்கு ஒளியைத் திரட்டும். விண்மீன்களின் பொலிவை அளக்கும் படிகளில் அது ஒரு படி. இருண்ட மலைப்பகுதியில், நிலவில்லாத இரவில், தொலைதூர அண்டங்களின் சுருள் கைகளை அது காட்டும். பத்து அங்குலத்தில் அவை பெரும்பாலும் புகைத் திட்டுகளே. ஆனால் நம் மாடியைச் சுற்றித் தெருவிளக்குகள். ஆடி பெரிதானால் விண்மீன் ஒளியோடு வானத்தில் பரவிய விளக்கொளியையும் சேர்த்தே திரட்டும். நிலவும் கோள்களும் இரட்டை விண்மீன்களும் அதனால் கெடுவதில்லை. மங்கிய நெபுலாக்கள்தாம் கெடும். ஆகவே நம் இடத்தில் அந்த ஒரு படியில் பெரும் பகுதி வீணாகிவிடும். ஆண்டுக்கு இரு முறை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டுமானால், 10 அங்குலக் குழல் நம் பள்ளி வேனின் இருக்கையில் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

ஒரு சிஸ்டர் இன்னொரு கேள்வி கேட்டார்கள். "ஒன்றுக்குப் பதிலாக 8 அங்குலத்தில் இரண்டு வாங்கினால் வரிசை பாதியாகுமே?" இதற்கு உடனே மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. 40 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரே பொருளைப் பார்க்க 40 நிமிடம் ஆகிறது. இரண்டு கருவி இருந்தால் 20 நிமிடம். சரியான கணக்கு. ஆனால் ஒவ்வொரு கருவியின் அருகிலும் பழகியவர் ஒருவர் நிற்க வேண்டும். இப்போது அப்படி இருப்பது நான் ஒருத்திதான். மாணவியர் பழகிய பின் இரண்டாவதை நாமே செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். 6 அங்குலக் கண்ணாடி வட்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் இட்டு முன்னும் பின்னும் தேய்த்தால், மேலே உள்ளது தானே குழியும். கீழே உள்ளது தானே குவியும். பிறகு பொடியை நுண்மையாக்கிக்கொண்டே போய், இறுதியில் மெருகேற்றிப் பரவளைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வடிவத்திலிருந்து தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது. பொறுமையுள்ள கைகளுக்கு இயலாத வேலையன்று. டாப்சனிடம் கற்றுக்கொண்டு சிறுவர் சிறுமியரும் செய்திருக்கிறார்கள்.

கணினி இணைத்த கருவிகளும், தாமே படம்பிடித்துக் கைப்பேசியில் காட்டும் கருவிகளும் இப்போது வருகின்றன. அவை காட்டும் படங்கள் அழகானவை. ஆனால் கைப்பேசியில் படம் பார்க்க மாடிக்கு ஏறத் தேவையில்லை என்பது என் கட்சி. மாறாக, வழக்கமான டாப்சோனியனில் படத்தைப் போல் வண்ணங்கள் தெரியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை. ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் பறவை போல் இருக்கும். ஆண்ட்ரோமீடா அண்டம் நீள்வட்டப் புகை. அந்தப் புகை 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்து உங்கள் கண்ணில் படுகிறது என்று தெரிந்து பார்த்தால் வேறாகத் தோன்றும்; தெரியாமல் பார்த்தால் ஏமாற்றமே.

ஆகவே என் பரிந்துரை 10 அங்குலம், 1200 மி.மீ. குவியத் தூரம், பிரிக்காத முழுக் குழல். விட்டத்தைப் போல் 4.7 மடங்கு குவியத் தூரம் என்பதால் இரண்டு சிறு குறைகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். பார்வைப் புலத்தின் ஓரத்தில் விண்மீன்களுக்குச் சிறிது வால் முளைக்கும். நடுவில் வைத்துப் பார்த்தால் தெரியாது. இரு ஆடிகளின் அச்சும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். இதற்கென உள்ள சிறு கருவியைப் பொருத்தி, அடியிலுள்ள திருகாணிகளைத் திருப்பினால் இரண்டு நிமிட வேலை. மீதிப் பணத்தில் 25 அல்லது 30 மி.மீ. லென்சு ஒன்று, 10 மி.மீ. லென்சு ஒன்று, இரண்டும் நல்லவையாக. இலக்கைப் பிடிக்கச் செம்புள்ளி காட்டும் நோக்கி. சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்கு. வெள்ளை வெளிச்சம் பட்டால் விரிந்த கண்பாவை சுருங்கி, மறுபடி பழக அரை மணியாகும்.

தள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமே என்பார்கள். 48 மடங்கில் பார்வைப் புலம் ஏறக்குறைய ஒரு பாகை; நிலவைப் போல் இரு மடங்கு அகலம். புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால் ஒரு விண்மீன் அதைக் கடக்க நான்கு நிமிடம். 120 மடங்கில் ஒன்றரை நிமிடத்திற்குச் சற்று மேல். ஆகவே பார்த்து முடித்தவள் அடுத்தவளுக்காகச் சற்றுத் தள்ளி நடுவில் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். புவி சுழல்கிறது என்று வகுப்பில் நான் எத்தனை முறை சொல்லியும் பதியாதது, சனி லென்சை விட்டு நழுவி ஓடுவதைப் பார்த்தால் ஒரே நாளில் பதிந்துவிடும். (சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பாகத் திரும்பிக் கோடாகிவிட்டது, இனிச் சில ஆண்டுகளுக்கு அது விரிந்துகொண்டே வரும்.)

பாதுகாப்பு பற்றிச் சில. ஏ.சி. உள்ள கணினி அறையில் வைக்கலாம் என்றார்கள், கூடாது. குளிர்ந்த ஆடியை நம் புழுங்கிய இரவுக் காற்றில் எடுத்து வைத்தால், குளிர்ந்த தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்புறம்போல் அது முழுவதும் வியர்த்துவிடும். லென்சுகளைச் சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். குழலின் இரு முனைகளையும் மூடி வைக்காவிட்டால் பல்லி குடியேறும், பிறகு எறும்பு. ஆடியில் தூசி தெரிந்தால் துடைக்கவே கூடாது. சிறிது தூசியால் ஒன்றும் குறையாது. துணியால் விழும் கீறல்தான் நிலைத்துவிடும். ஓராண்டோ ஈராண்டோ கழித்து வடிநீரால் கழுவிக்கொள்ளலாம்.

சூரியனைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பகலில் இக்கருவியின் மூடியை யாரும் திறக்கக் கூடாது. இந்த ஆடி கண்ணை ஒரு நொடியில் குருடாக்கும். வெயிலில் திறந்து கிடந்தால் தீயும் பிடிக்கும். கண்ணருகு லென்சில் திருகும் கறுப்புச் சூரிய வடிகட்டி ஏதேனும் உடன் வந்தால், அதை அன்றே உடைத்து எறிந்துவிடுவேன்; வெப்பத்தில் அது திடீரென்று வெடிக்கக்கூடியது.

எதை முதலில் பார்ப்பது என்று எட்டாம் வகுப்பில் இப்போதே சண்டை நடக்கிறது. என் விருப்பம் தெற்கே இருக்கிறது. கோடை விடுமுறை நாள்களில் தென்சிலுவைக்குக் கிழக்கே இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள் தெரியும். அவற்றுள் கிழக்கே உள்ள மிக ஒளிமிக்கது ஆல்பா சென்டாரி; நமக்கு 20 பாகை உயரம்வரை ஏறும். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற சேசு சபைக் குருவானவர்தாம், அது ஒன்றன்று, இரண்டு விண்மீன்கள் என்று முதன்முதல் கண்டு எழுதினார். அவரிடம் 10 அங்குல ஆடி இருக்கவில்லை. அக்காலத்துச் சிறு லென்சுதான். அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகின்றன. நம் 120 மடங்கில், அருகருகே வைத்த இரு விளக்குகள் போல் தனித்தனியே தெரியும். அதற்கு வடக்கே ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ விண்மீன் கொத்து. 17,000 ஒளியாண்டுத் தொலைவில் ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள். கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டியது போலிருக்கும். இலண்டனிலிருந்து எவ்வளவு பெரிய கருவி வைத்திருந்தாலும் இவை இரண்டையும் பார்க்க முடியாது. தொடுவானுக்கு மேல் வருவதே இல்லை.

இவற்றையெல்லாம் எழுதி மதர் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். பதினாறு அங்குலம் என்று மனத்தில் வைத்திருந்த முன்னாள் மாணவியருக்குச் சிறிது வருத்தமாக இருக்கலாம். மீதிப் பணத்தைக் கண்ணாடி தேய்க்கும் செலவுக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறோம். தச்சரிடம் 10 செ.மீ., 20 செ.மீ. உயரங்களில் இரண்டு மணைப்பலகைகள் செய்யச் சொல்லியாயிற்று. மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருப்பது என்பதை மட்டும் மதர் இன்னும் சொல்லவில்லை.